மழையில் நின்றுபோகும் பழைய பைக்: எச்.டி. காயிலைச் சோதிப்பதும் மாற்றுவதும்

புளியரையைத் தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது வண்டி ரெண்டு தடவை விக்கும். கோட்டைவாசல் வருவதற்குள் நின்றுவிடும். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் கால் மணி நேரம் ஓரமாக நின்றுவிட்டு உதைத்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஆரியங்காவு போய்ச் சேருமுன் மறுபடி நிற்கும். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் பலருக்கும் இது பழகிப்போன சங்கதி. யாரிடம் சொன்னாலும் வருகிற பதிலும் ஒன்றுதான்: "காயில் போயிருக்கும், மாத்திரு."

மாற்றலாம். ஆனால் போயிருப்பது காயில்தானா, அதாவது பிளக்கில் பொறி அடிக்க உயர் வோல்ட் தரும் எச்.டி. (ஹை டென்ஷன்) காயில்தானா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என்னுடைய பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் ஒரு சாரல் சீசனில் இப்படி நிற்க ஆரம்பித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். அடுத்த வாரம், பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ.யை மாற்றினார்கள். அதற்கடுத்து எச்.டி. காயில். ஒவ்வொரு தடவையும் வெயிலில் ஓட்டிப் பார்த்து "சரியாப் போச்சு" என்று கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கோட்டைவாசல் மழையில் நின்றது. கடைசியில் நானே உட்கார்ந்து பிளக் கேப்பைத் திருகி எடுத்தேன். உள்ளே ஒயரின் செம்பு நுனி முழுக்கப் பச்சைக் களிம்பு. நுனியை நறுக்கிவிட்டு ஒரு புதுக் கேப் போட்டேன், அதோடு தீர்ந்தது. மூன்று வாரமும் மூன்று பில்லும் வீணாய்ப் போனது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. புதிதாகப் பழைய வண்டி வாங்கி ஓட்ட வருகிறவர்களுக்கு அது நேரக்கூடாது.

காயில் செய்யும் வேலை

பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே நூலிழை இடைவெளிதான் இருக்கும், பெரும்பாலான வண்டிகளில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தத்தில் இருக்கிற பெட்ரோல் கலவையில் அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய, ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு அந்தச் சக்தி கிடையாது. அந்த வேலையைச் செய்வதுதான் எச்.டி. காயில். ஒரு இரும்புத் தண்டின் மேல் இரண்டு செம்புக் கம்பிச் சுற்று: ஒன்று கனமான கம்பியில் குறைந்த சுற்று, மற்றது தலைமுடியைப் போன்ற கம்பியில் பல ஆயிரம் சுற்று. முதல் சுற்றில் மின்சாரம் சட்டென்று மாறும்போது இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பும்.

அந்த 'சட்டென்று மாறுவதை' யார் செய்கிறார்கள் என்பதில்தான் வண்டிக்கு வண்டி வேறுபாடு. பழைய புல்லட், ஜாவா, யெஸ்டியில் பாயின்ட் செட் என்ற திறந்து மூடும் சுவிட்ச் இருக்கும். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும். பாயின்ட் திறக்கும் கணத்தில் அது அறுபட்டு, பொறி அடிக்கும். ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் அந்த வேலை சி.டி.ஐ.யுடையது. இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டில் இருக்கிற ஒரு காயில் சி.டி.ஐ.க்குள் சில நூறு வோல்ட்டைச் சேர்த்து வைக்கும்; பொறி அடிக்கவேண்டிய நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில் சைகை கொடுத்ததும் அது மொத்தமாக எச்.டி. காயிலுக்குள் கொட்டும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இரண்டு வகைக் காயிலும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டக்கூடாது. பாயின்ட் வண்டியில் சி.டி.ஐ. காயிலை மாட்டினால் அதன் வழியாக அளவுக்கு மீறி மின்சாரம் ஓடி, பாயின்ட்டும் கருகும், காயிலும் கொதிக்கும். பழைய ஜாவா, யெஸ்டி பெரும்பாலும் 6 வோல்ட் என்பதையும் மறக்க வேண்டாம். அதில் 12 வோல்ட் காயில் போட்டால் பொறி சோகை பிடித்த மாதிரி இருக்கும்.

முதலில் பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

தேவையானவை: பிளக் ஸ்பானர், 8, 10, 12 நம்பர் ஸ்பானர்கள், ஒரு ஸ்டார் திருப்புளி, ஒரு கொறடு, உப்புத்தாள், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். சந்தேகமில்லாத ஒரு புதுப் பிளக்கும் கையில் இருக்கட்டும்.

சாவியை அணைத்து, பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பிளக் கேப்பைப் பிடித்து இழுங்கள்; ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே செம்பு விட்டுப்போகும். பிளக்கைக் கழற்றுமுன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடையுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் பிளக் எண்ணெயில் குளித்துக் கறுத்திருந்தால், காயிலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் புதுப் பிளக்கைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

இனி பொறிச் சோதனை. புதுப் பிளக்கைக் கேப்பில் செருகி, பிளக்கின் உலோக உடம்பு இன்ஜின் ஹெட்டின் மேல் நன்றாக ஒட்டியிருக்கும்படி வையுங்கள். பெயின்ட் இல்லாத இடமாக இருக்கட்டும். பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளி வையுங்கள். உதைக்கும்போது அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும், பொறி பட்டால் பற்றும். பிளக்கைக் கையில் பிடிக்க வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இந்த வேலைக்குப் பக்கத்தில்கூட வரவேண்டாம். சாவியைப் போட்டு உதையுங்கள். நீலநிறத்தில், 'டக் டக்' என்று காதில் கேட்கிற பொறி வந்தால் காயில் இப்போதைக்கு நலம். சிவந்து, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் எங்கோ கசிகிறது. ஒன்றுமே வரவில்லை என்றாலும் காயில் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேப்பைக் காற்றில் தொங்கவிட்டபடி உதைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. போக வழியில்லாத உயர் வோல்ட் காயிலின் உள் இன்சுலேஷனையே துளைத்துவிடும். நல்ல காயிலை நாமே கெடுத்த கதையாகும்.

பொறி இல்லையென்றால் அடுத்து கேப். ஒயரிலிருந்து அதை இடஞ்சுழியாகத் திருகினால் வந்துவிடும். நுனியில் களிம்போ கருகலோ இருந்தால், ஒயரில் தாராளம் இருக்கும்பட்சத்தில் அரை சென்டிமீட்டர் நறுக்கிப் புதுச் செம்பு தெரியும்படி செய்யுங்கள். கேப்பின் இரு முனைக்கும் நடுவே மல்டிமீட்டரில் பாருங்கள். ரெசிஸ்டர் உள்ள கேப் என்றால் பெரும்பாலும் 5 கிலோ ஓம் காட்டும். பதினைந்து, இருபது என்று எகிறினாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோ கேப்பைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது எங்கள் பக்கத்து மழைக்கென்றே உள்ள ஒன்று. ஸ்பிளெண்டர் மாதிரி மேக்னெட்டிலிருந்தே சி.டி.ஐ.க்கு மின்சாரம் போகிற வண்டிகளில், சாவியை அணைத்தால் சி.டி.ஐ. ஒயர் எர்த் ஆகி இன்ஜின் நிற்கும். சாவி சுவிட்சுக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால், சாவி போட்டிருந்தாலும் அது எர்த் ஆகிவிடும். வண்டி நிற்கும். வெயிலில் காய்ந்ததும் ஓடும். சோதிக்க வழி எளிது: சி.டி.ஐ. கனெக்டரில் சுவிட்சுக்குப் போகிற ஒயரை மட்டும் விலக்குங்கள். பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். விலக்கியதும் பொறி வந்தால் குற்றவாளி சுவிட்ச். அந்த நிலையில் சாவியால் வண்டியை அணைக்க முடியாது; பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கியரில் போட்டு கிளட்சை விட்டு நிறுத்த வேண்டும். இது தெரிந்துகொண்டு சோதியுங்கள்.

இருட்டில் பார்ப்பது

ஜூன் தொடங்கினால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சாரலைத் தள்ளிக்கொண்டு வரும். குற்றாலத்துக்குச் சீசன், எங்கள் வண்டிகளுக்குச் சோதனைக் காலம். கொட்டும் மழையைவிட இந்தப் பொடிச்சாரல் மோசம்; எல்லா இடுக்கிலும் புகும், காயவும் விடாது.

ஆகவே மழையில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிற வண்டியை ராத்திரியில் பாருங்கள். வீட்டு விளக்கை அணைத்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து, காயில், ஒயர், கேப் மூன்றின் மேலும் பூச்சட்டிக்குத் தெளிக்கிற ஸ்பிரேயரால் தண்ணீரைப் புகையாகத் தெளியுங்கள். கை அருகில் போகவேண்டாம். நான் முதன்முதலில் என் மச்சானுடைய ஆர்எக்ஸில் இதைப் பார்த்தபோது, காயில் உடம்பில் பகலில் கண்ணுக்கே தெரியாத தலைமுடி போன்ற ஒரு வெடிப்பிலிருந்து சேசிஸ் வரைக்கும் நீலக்கோடு ஒன்று ஊர்ந்து ஊர்ந்து போனது. மெல்லிய 'சிர்ர்' சத்தம். ஒவ்வொரு தடவை அது ஊரும்போதும் இன்ஜின் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. பிளக்குக்குப் போகவேண்டிய பொறி அங்கே ஒழுகிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரில் அந்தக் காயில் சரியான அளவைத்தான் காட்டியது. மீட்டர் தன் சின்ன பேட்டரியால் அளக்கிறது. பல ஆயிரம் வோல்ட் ஏறும்போது எங்கே துளைத்துக்கொண்டு போகும் என்பது அதற்குத் தெரியாது.

நீலக்கோடு ஒயரிலிருந்து கிளம்பினால் ஒயர், கேப்பிலிருந்து என்றால் கேப், உடம்பிலிருந்து என்றால் காயில். இதற்குமேல் தெளிவான சாட்சி வேண்டாம்.

மல்டிமீட்டர்

மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3, 0.4 ஓம் என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் அளவு. வருகிற அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். சி.டி.ஐ. காயிலின் முதல் சுற்று பொதுவாக 1 ஓமுக்கும் கீழேதான் இருக்கும், ஆகவே இந்தக் கழித்தலை விட்டால் கணக்கே தப்பாகும். 12 வோல்ட் பாயின்ட் காயிலில் முதல் சுற்று 3 முதல் 5 ஓம் வரை வரும்.

இரண்டாவது சுற்றுக்கு மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, கேப்பைக் கழற்றிவிட்டு, ஒயரின் செம்பு நுனியிலும் காயிலின் இரும்புத் தண்டிலும் தொடுங்கள். பாயின்ட் காயில் என்றால் இரும்புக்குப் பதில் முதல் சுற்றின் முனையில் தொடுங்கள். வண்டியைப் பொறுத்து 3 முதல் 15 கிலோ ஓமுக்குள் எங்காவது நிற்கும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணே கடைசி வார்த்தை. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

சூடானதும் நின்று, ஆறினதும் ஓடுகிற வண்டியில், நின்ற உடனே அங்கேயே அளக்க வேண்டும். உள்ளே விட்டுப்போன கம்பி ஆறினால் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் பிரியும். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து அளந்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். ஆனாலும் எனக்கு மீட்டரைவிட நம்பிக்கை இரவல் காயிலில்தான். அதே மாடல் வைத்திருக்கிற ஒருவரிடம் அரை மணி நேரத்துக்கு அவர் காயிலைக் கேட்டு வாங்கி மாட்டி ஓட்டிப் பாருங்கள். பழுது போய்விட்டால் கடைக்குப் போகலாம். போகவில்லையென்றால் காசு மிச்சம்.

பாயின்ட் வண்டிக்காரர்களுக்கு ஒரு சொல்: பாயின்ட் திறக்கும் இடத்தில் வெள்ளையாகப் பெரிய பொறி தெறித்தால், காயிலுக்கு முன், பாயின்ட்டில் பொறி தெறிக்காமல் தடுக்கும் கண்டன்சரை மாற்றுங்கள். புல்லட்டில் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இதைச் சரிசெய்ததுமே பல 'செத்த' காயில்கள் உயிர்பிழைத்திருக்கின்றன. இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு வைக்கவும் வேண்டாம். பாயின்ட் மூடிய நிலையில் இருந்தால் காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் தொடமுடியாத சூடாகும்.

வாங்கும் இடத்தில்

எச்.டி. காயிலை ரீவைண்டிங் செய்யலாமா என்று கேட்கிறார்கள். மேக்னெட் காயிலைச் சுற்றிக்கொடுப்பவர்கள் உண்டு. எச்.டி. காயில் பிசினில் முழுக்க ஊற்றி இறுகிப்போன பொருள். உடைக்காமல் திறக்க முடியாது. வெடிப்பில் எம்-சீல் பூசி வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான். பழுது பார்க்க முடிவது ஒயர், கேப், துருப்பிடித்த முனை, எர்த் பிடிக்காத போல்ட், இந்த நான்கும்தான்.

கடைக்குப் பழைய காயிலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, முனைகள் ஒன்றா இரண்டா, ஒயரின் நீளம், மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது, ஆகவே அதற்குப் 'புது ஒரிஜினல்' என்று கொடுப்பதை இரண்டு தடவை பாருங்கள். அச்சு மழுங்கிய பெயர், மிகவும் லேசான எடை, ஒயர் நுழையும் இடத்தில் பிசின் நிரம்பாத குழி இருந்தால் வேண்டாம். விலை சில நூறு ரூபாய்தான். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்க் காட்டுப்பாதையில் தள்ளவேண்டாம்.

புனலூரிலோ தென்மலையிலோ வாங்க நேர்ந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும். மலையாளத்தில் காயிலைக் 'கோயில்' என்பார்கள். ஆரியங்காவு ரோட்டில் வண்டி நின்று, மெக்கானிக் சேட்டன் குனிந்து பார்த்துவிட்டு "கோயில் போயி" என்றால், சாஸ்தா கோயிலுக்குப் போகச் சொல்லவில்லை. காயில் போய்விட்டது என்கிறார். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூரோடும் அதன்பின் வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர்தான், எங்கள் பெரியவர்களுக்கு இது பழக்கம். கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற தம்பிமார் விழிக்கிறார்கள்.

கழற்றி மாட்டுவது

இன்ஜின் ஆறட்டும். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் காயில் டேங்குக்கு அடியில் சேசிஸ் குழாயில் மாட்டியிருக்கும். சீட்டை எடுத்து, பெட்ரோல் டியூபை டேப்பிலிருந்து உருவி, டேங்கின் பின்பக்க போல்டைக் கழற்றி, டேங்கைப் பின்னால் இழுத்துத் தூக்குங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே இருக்கும்போது செய்தால் முதுகுக்கு நல்லது. பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

காயிலைத் தொடுமுன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிளெண்டரில் சி.டி.ஐ.யிலிருந்து வருவது கறுப்பில் மஞ்சள் கோடு, பச்சை எர்த். யமஹாவில் ஆரஞ்சு ஒயர் காயிலுக்கு, கறுப்பு எர்த். ஆனால் பழைய வண்டியில் எந்த மெக்கானிக் எந்த நிறத்தை ஒட்டுப்போட்டிருப்பார் என்று சொல்ல முடியாது, படம்தான் நிச்சயம். பாயின்ட் காயிலில் இரண்டு முனைகளை மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடும், பொறி மட்டும் பலவீனமாகும். ஆகவே தப்பு நடந்ததே தெரியாது.

முனைகளைக் கொறடால் மெல்ல ஆட்டி உருவுங்கள். போல்ட்களைக் கழற்றுங்கள். பழைய காயில் இருந்த இடத்தை இப்போது நன்றாகப் பாருங்கள், ஏனென்றால் வேலையின் முக்கியமான பாகம் இங்கேதான். பல சி.டி.ஐ. காயில்களுக்கு எர்த் அந்த போல்ட் வழியாகத்தான். பெயின்ட்டும் துருவும் இருந்தால் புதுக் காயிலும் பழையதைப் போலவே விக்கும். காயிலின் இரும்பு உட்காரும் இடத்தை உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேயுங்கள். மாட்டி இறுக்கியபின் காயிலின் இரும்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். ஏறக்குறைய சைபர் காட்ட வேண்டும். பிறகு போல்டின் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், சாரல் தொடாது.

ஒயர் முனைகள் தளர்வாக இருந்தால் கொறடால் லேசாக நெரித்துச் செருகுங்கள். பிளக் ஒயர் ஹெட்டிலும் சேசிஸ் விளிம்பிலும் உரசாமல் வளைந்து வரட்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, எந்த ஒயரும் இழுபடவில்லை என்று பாருங்கள். கேப்பை ஒயரில் வலஞ்சுழியாகத் திருகும்போது, உள்ளே இருக்கிற திருகாணி செம்பின் நடுவில் இறங்குவதைக் கை உணரும். ஓரமாக இறங்கினால் ஒரு மாதத்தில் மறுபடி களிம்பு.

பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருகுங்கள். புதுப் பிளக் என்றால் அதன்பின் ஸ்பானரால் அரைச் சுற்று போதும். டேங்கை வைத்து, டியூபைச் செருகி, டேப்பைத் திறந்து கசிவு இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். பேட்டரி முனையை மாட்டி உதையுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் வேலை முடியவில்லை. பழுது சூட்டிலும் மழையிலும் வந்தது, ஆகவே அங்கேயே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நான் புளியரையிலிருந்து மலையேறி, கழுதுருட்டியில் பதின்மூன்று கண் ரயில் பாலம் தெரிகிற இடம்வரை நிற்காமல் ஓட்டுவேன். அங்கே இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நிற்பேன். ஓட்டத்தில் அடிக்கிற காற்று நின்றதும் ஹெட்டின் சூடு மேலே ஏறி டேங்குக்கு அடியில் காயிலைச் சூழும். கெட்ட காயில் காட்டிக்கொடுப்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான். பிறகு உதையுங்கள். ஒன்று, இரண்டு உதையில் பிடித்தால் திரும்பி வரலாம். மறுநாள் காலையில் காயில் போல்ட்களை ஒரு தடவை ஸ்பானர் வைத்துப் பாருங்கள், உப்புத்தாள் போட்ட இடம் படிந்து அரைக்கால் சுற்று இளகியிருக்கும்.